வில்லியம் ஃபேர்பேர்ன்

சர் வில்லியம் ஃபேர்பேர்ன் (பெப்ரவரி 19, 1789 – ஆகஸ்ட் 18, 1874) ஸ்காட்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் வாழ்ந்த புகழ் பெற்ற பொறியாளர் ஆவார். ஆலை இயந்திரங்கள், இரும்புக் கப்பல்கள், பாலங்கள், பாரந்தூக்கிகள், தொடருந்து இழுபொறிகள் எனப் பல துறைகளில் இவர் பணியாற்றினார். எனினும், நீராவிக் கொதிகலன்களின் பாதுகாப்புக்காக இவர் ஆற்றிய பணியே பிற நாடுகளுக்கும் பரவி நெடுங்காலம் நிலைத்தது எனலாம். கொதிகலன் வெடிப்பு என்பது விளக்க முடியாத நிகழ்வு என்று பலரும் எண்ணிய காலத்தில், அதற்கான காரணம் தகட்டின் தடிப்பிலும் இணைப்பிலும் துருவிலும் இருக்கிறது என்பதையும், கொதிகலன் குளிர்ந்து ஓய்ந்திருக்கும்போது அதனைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும் என்பதையும் நிலைநாட்டியவர்களுள் இவர் முதன்மையானவர்.

இளமைக் காலம்

ஃபேர்பேர்ன் ஸ்காட்லாந்தின் எல்லைப்பகுதியில் உள்ள கெல்சோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஆண்ட்ரூ ஃபேர்பேர்ன் வேளாண் தொழில் செய்தவர். குடும்பம் வேலை தேடி இடம் மாறிக்கொண்டே இருந்ததால் வில்லியமுக்குக் கிடைத்த பள்ளிக் கல்வி மிகக் குறைவு. 1803 ஆம் ஆண்டில், கெல்சோவில் பொறியாளர் ஜான் ரென்னியின் மேற்பார்வையில் கட்டப்பட்டு வந்த பாலத்தில் வாரம் 3 சில்லிங் கூலிக்கு வேலைக்குச் சேர்ந்தார். விபத்தொன்றில் காயமடைந்ததால் அவ்வேலை விரைவிலேயே முடிவுக்கு வந்தது.

அடுத்த ஆண்டு, இங்கிலாந்தின் வடகிழக்கில் நார்த் சீல்ட்சு நகருக்கு அருகிலுள்ள பெர்சி மெயின் நிலக்கரிச் சுரங்கத்தில் ஆலைத் தச்சர் ஒருவரிடம் பயிலுநராகச் சேர்ந்தார். சுரங்கத்தின் நீராவிப் பொறிகளையும் நீரேற்றிகளையும் கவனிக்கும் பொறுப்பும் பின்னர் இவரிடம் வந்தது. வேலை முடிந்த மாலை நேரங்களுக்கு, கிழமைக்கு ஒரு பாடம் என்ற முறையில் தானே ஒரு கால அட்டவணையை வகுத்துக்கொண்டு கணிதம், அளவியல், வரலாறு, இலக்கியம் ஆகியவற்றைப் படித்தார். பிற்காலத்தில் அரச கழகத்தின் ஆய்விதழில் கட்டுரைகள் எழுதிய ஒருவரின் கல்வி பெரும்பாலும் இந்த அட்டவணையிலேயே அடங்கியிருந்தது.

பின்னாளில் தொடருந்துத் துறையின் முன்னோடியாகப் புகழ் பெற்ற ஜார்ஜ் ஸ்டீபன்சன் அக்காலத்தில் அருகிலிருந்த ஊரில் நீராவிப் பொறி ஒன்றை இயக்கி வந்தார். இருவரும் நண்பர்களாயினர். ஸ்டீபன்சன் கப்பல்களிலிருந்து மண்பாரம் இறக்கிக் கூடுதலாகச் சில காசு சம்பாதிக்கச் செல்லும்போது, அவருடைய பொறியையும் கொதிகலனையும் ஃபேர்பேர்ன் பார்த்துக்கொள்வது உண்டு.

1811 இல் பயிற்சியை முடித்துக்கொண்டு இலண்டன் சென்றார். அங்கிருந்த தொழிலாளர் சங்கத்தின் கட்டுப்பாடுகளால் நிலையான வேலை கிடைப்பது கடினமாயிற்று. பன்றி இறைச்சி வணிகர் ஒருவருக்கு இறைச்சி கொத்தும் இயந்திரம் செய்து கொடுத்ததும், பின்னர் டப்ளின் நகரில் ஆணி செய்யும் இயந்திரம் அமைத்ததும் இக்காலத்து வேலைகளாகும். 1813 இல் மான்செஸ்டர் வந்து சேர்ந்தார். 1816 இல் டோரத்தி மார் என்பவரை மணந்தார்.

மான்செஸ்டரில் தொழில்

அக்காலத்தில் மான்செஸ்டர் உலகப் பருத்தித் தொழிலின் தலைநகராக வளர்ந்துகொண்டிருந்தது. 1817 இல் ஃபேர்பேர்னும் உடன் பணியாற்றிய ஜேம்ஸ் லில்லியும் கூட்டுச் சேர்ந்து, வாரம் 12 சில்லிங் வாடகைக்கு ஒரு கொட்டகை எடுத்துத் தொழில் தொடங்கினர். தாங்களே செய்த ஒரு கடைசல் பொறியைச் சுழற்றுவதற்கு வலிமை மிக்க ஐரியத் தொழிலாளி ஒருவரை அமர்த்திக்கொண்டனர். தொடங்கிய சில காலத்திலேயே பெரிய பருத்தி ஆலைகளின் பணிகள் கிடைத்தன. ஆலைக்குள் விசையைக் கடத்திச் செல்லும் கனத்த, மெதுவாகச் சுழலும் தண்டுகளுக்குப் பதிலாக, இலகுவான, விரைவாகச் சுழலும் தண்டுகளை இவர்கள் அறிமுகப்படுத்தினர். 1832 இல் கூட்டு முறிந்த பின் ஃபேர்பேர்ன் தனித்துத் தொழிலை நடத்தினார். நிறுவனம் உச்ச நிலையில் இருந்தபோது 2000 பேருக்கு மேல் அங்கு வேலை செய்தனர்.

1835 இல் இலண்டனின் மில்வால் பகுதியில் ஒரு கப்பல் கட்டும் தளத்தை அமைத்தார். எண்பதுக்கும் மேற்பட்ட இரும்புக் கப்பல்கள் கட்டப்பட்ட போதிலும் அத்தொழில் பெரும் இழப்பிலேயே முடிந்தது. 1840களின் இறுதியில் அதிலிருந்து விலகினார். 1839 இல் துருக்கி அரசின் அழைப்பை ஏற்று இஸ்தான்புல் சென்று அங்கிருந்த அரசுத் தொழிற்சாலைகளைப் பற்றி ஆலோசனை வழங்கினார். அதே காலத்தில் தொடருந்து இழுபொறிகளையும் செய்யத் தொடங்கினார். டைட்டஸ் சால்ட்டு என்பவருக்காகச் சால்டேர் என்னும் இடத்தில் எழுப்பப்பட்டு 1853 இல் திறக்கப்பட்ட பெரிய கம்பளி ஆலையின் பொறியியல் பணிகளும் இவருடையவையே.

மில்வாலில் ஏற்பட்ட இழப்பு பெரிது என்றாலும், அங்கே இரும்புத் தகடுகளோடு பெற்ற அனுபவம் வீணாகவில்லை. கப்பலின் உடலும் கொதிகலனும் ஒரே வகைத் தகட்டால், ஒரே வகைத் தறையாணிகளால் இணைக்கப்படுபவை.

தகடும் தறையாணியும்

ரிவெட் எனப்படும் தறையாணியைப் பழுக்கக் காய்ச்சித் துளையில் செலுத்தி, மறுமுனையைச் சுத்தியலால் அடித்து மழுங்கச் செய்து தகடுகளை இணைப்பது அக்கால முறை. 1837 அளவில் மான்செஸ்டரில் கொதிகலன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, இப்பணியைச் செய்யும் இயந்திரம் ஒன்றை ஃபேர்பேர்னின் தொழிற்சாலை உருவாக்கியது. கையால் அடிப்பதைவிடப் பன்மடங்கு விரைவாகவும் இறுக்கமாகவும் அது தறையாணிகளைப் பதித்தது. வேலைநிறுத்தத்தை முறியடிக்கப் பிறந்த இயந்திரம் என்பதால் தொழிலாளர்களுக்கு அது கசப்பாகவே இருந்திருக்கும். ஆயினும் கொதிகலன் இணைப்புகளில் நீராவி கசிவது அதனால் குறைந்தது.

அக்காலத்தில் இணைப்புப் பகுதி தகட்டின் மற்றப் பகுதிகளைப் போலவே வலிமையுடையது என்று பலர் நம்பினர். 1838 அளவில் தொடங்கி 1850 இல் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளியான தமது சோதனைகள் மூலம் ஃபேர்பேர்ன் இதனைத் தவறென்று காட்டினார். துளையில்லாத தகட்டின் வலிமையை 100 எனக் கொண்டால், இரட்டை வரிசைத் தறையாணி இணைப்பின் வலிமை 70, ஒற்றை வரிசை இணைப்பின் வலிமை 56 மட்டுமே என்பது இவரது முடிவு. இவ்வெண்கள் பல ஆண்டுகள் கொதிகலன் வடிவமைப்பாளர்களின் கைநூல்களில் இடம் பெற்றன.

லங்காஷயர் கொதிகலன்

1844 இல் ஃபேர்பேர்னும் ஜான் ஹெதரிங்டன் என்பவரும் சேர்ந்து ஒரு புதுவகைக் கொதிகலனுக்குக் காப்புரிமை பெற்றனர். பின்னர் லங்காஷயர் கொதிகலன் என்று பெயர் பெற்ற இது, படுக்கை நிலையில் வைக்கப்பட்ட நீண்ட உருளை வடிவக் கலனாகும். இதனுள் நீள்வாக்கில் இரண்டு பெரிய குழாய்கள் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை செல்லும். ஒவ்வொரு குழாயின் முன்பகுதியிலும் ஓர் உலை உண்டு. குழாய்களைச் சுற்றி நீர் இருக்கும். உலையின் வெப்பக் காற்று குழாய்களின் வழியே பின்னால் சென்று, கலனின் அடியிலும் பக்கங்களிலும் செங்கல்லால் கட்டப்பட்ட பாதைகளின் வழியே சுற்றிப் புகைபோக்கியை அடையும்.

இதற்கு முன் வழக்கிலிருந்த கார்னிஷ் கொதிகலனில் ஓர் உலைக்குழாய் மட்டுமே இருந்தது. இரண்டு உலைகள் இருப்பதால், அவற்றுக்கு மாறி மாறி நிலக்கரி இட முடிந்தது. ஓர் உலையில் புதிதாக இட்ட கரியிலிருந்து எழும் புகையை மற்றதன் தணல் எரித்துவிடும். எரிபொருள் மிச்சமாகும், நகரத்தில் புகையும் குறையும் என்பதே நோக்கம். குழாய்களின் விட்டம் சிறிதாவதால் அவற்றின் வலிமையும் கூடியது. பிரித்தானியப் பஞ்சாலைகளில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இவ்வகைக் கொதிகலன்களே பெருவழக்காக இருந்தன. இந்தியாவின் ஆலைகளிலும் இவை பரவலாகப் பயன்பட்டன.

வெடிப்புகள்

19 ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரித்தானியாவில் கொதிகலன் வெடிப்புகள் அடிக்கடி நிகழ்ந்தன. ஆலைக்குள் நிகழும் வெடிப்பு பல தொழிலாளர்களை ஒரே நேரத்தில் பலி கொண்டது. பல டன் எடையுள்ள கலன் கூரையைப் பிளந்துகொண்டு அடுத்த தெருவில் விழுந்த நிகழ்ச்சிகளும் உண்டு. இவற்றிற்கான காரணங்களாக அக்காலத்தில் கூறப்பட்டவை விந்தையானவை. நீர் பிரிந்து ஐதரசன் வளிமம் உண்டாகி வெடிக்கிறது என்றனர் சிலர். மின்சாரம் காரணம் என்றனர் வேறு சிலர். மரண விசாரணைகளில் எதிர்பாராத விபத்து என்று தீர்ப்பு எழுதிக் கோப்பை மூடிவிடுவதே வழக்கமாக இருந்தது. இவ்வாறு மூடப்பட்ட ஒவ்வொரு விசாரணையும் உரிமையாளரின் பொறுப்பையும் சேர்த்தே மூடிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

ஃபேர்பேர்ன் இத்தகைய விசாரணைகளில் வல்லுநராகப் பலமுறை அழைக்கப்பட்டார். 1844 இல் ஓல்டாம் நகரில் ஓர் ஆலைக் கட்டடம் இடிந்து 20 பேர் இறந்தபோது, வார்ப்பிரும்பு உத்திரங்களின் குறைபாட்டை ஆராய்ந்து அறிக்கை அளித்தவர்களுள் இவரும் ஒருவர். 1854 ஜூலை மாதம் ராச்டேல் நகரின் பிரிட்ஜ்பீல்டு ஆலையில் கொதிகலன் வெடித்து 10 பேர் இறந்தபோதும் இவரே ஆராய்ந்து சாட்சியம் அளித்தார். கலனின் தாங்கும் வலிமையை மீறிய அழுத்தமே வெடிப்புக்குக் காரணம். அவ்வலிமையைக் கணக்கிட முடியும். அது எதனால் குறைந்தது என்பதையும் சொல்ல முடியும் என்பதே இத்தகைய விசாரணைகளில் இவர் மேற்கொண்ட நிலைப்பாடு.

மான்செஸ்டர் நீராவிப் பயனர் சங்கம்

ராச்டேல் வெடிப்பு நிகழ்ந்த அதே 1854 இல், கொதிகலன் வெடிப்புகளைத் தடுக்கவும் எரிபொருளைச் சிக்கனப்படுத்தவும் மான்செஸ்டரில் ஒரு சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. ஃபேர்பேர்ன், ஜோசப் விட்வொர்த் முதலிய பொறியாளர்களும் ஆலை உரிமையாளர்களும் இதில் முன்னின்றனர். இது மான்செஸ்டர் நீராவிப் பயனர் சங்கம் என்று அழைக்கப்பட்டது. பின்னர் ஃபேர்பேர்ன் இதன் தலைவராகவும் விளங்கினார்.

உறுப்பினர்கள் ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். சங்கத்தின் ஆய்வாளர்கள் அவர்களது கொதிகலன்களைக் குறித்த காலங்களில் சோதிப்பர். கொதிகலன் இயங்கும்போது வெளியிலிருந்து பாதுகாப்பு வால்வு, நீர்மட்டக் கண்ணாடி, அழுத்தமானி ஆகியவற்றைப் பார்ப்பது ஒரு வகை. நெருப்பை அணைத்து, நீரை வடித்து, புகைப்பாதைகளைக் கூட்டித் துடைத்த பின், ஆய்வாளர் சிறு சுத்தியலும் விளக்கும் கொண்டு கலனுக்குள் ஊர்ந்து சென்று தகடு தகடாகத் தட்டிப் பார்ப்பது மற்றொரு வகை. இரண்டாவதே உண்மையைச் சொல்லும். ஆனால் அதற்கு ஆலை நிற்க வேண்டும். ஆலை நின்றால் உரிமையாளருக்கு வருமானம் நிற்கும். லங்காஷயரில் ஊர்த் திருவிழா விடுமுறைக்காக ஆலைகள் மூடப்படும் வாரத்தில் இவ்வாய்வுகள் குவிந்ததன் காரணம் இதுவே.

சங்கம் தொடக்கத்தில் முற்றிலும் விருப்ப அடிப்படையில் இயங்கியது. அரசு சட்டமியற்றித் தலையிடுவதற்கு முன் தொழில்துறையே தன்னைத் திருத்திக்கொள்ளலாம் என்பது நிறுவனர்களின் எதிர்பார்ப்பு. இழப்பீடு வழங்கும் காப்பீட்டையும் முதலில் அது ஏற்கவில்லை. பணம் கிடைக்கும் என்ற உறுதி கவனக்குறைவை வளர்க்கும் என்ற அச்சமே காரணம். 1859 இல் கொதிகலன் காப்பீட்டுக்கென்றே தனி நிறுவனம் ஒன்று மான்செஸ்டரில் தோன்றி வாடிக்கையாளர்களை ஈர்த்தது. அதன் பின்னர் சங்கமும் தான் சோதித்த கொதிகலன்களுக்கு உத்தரவாதம் வழங்க நேர்ந்தது.

விருப்ப அடிப்படையின் குறையும் விரைவில் தெரிந்தது. நல்ல கொதிகலன் வைத்திருந்தவர்களே உறுப்பினராகச் சேர்ந்தனர். மோசமான கொதிகலன் வைத்திருந்தவர்கள் ஆய்வாளரை வாசலிலேயே நிறுத்தினர். வெடிப்புகளில் இறந்தவர்களுள் பெரும்பாலோர், உறுப்பினராவதா வேண்டாமா என்ற முடிவில் எந்தப் பங்கும் இல்லாத தொழிலாளர்களே.

குழாய் நசுங்கும் விதி

கொதிகலனின் வெளிக்கலன் உள்ளிருந்து வெளியே தள்ளப்படுகிறது. உலைக்குழாயோ வெளியிலிருந்து உள்ளே அமுக்கப்படுகிறது. முன்னது கிழியும், பின்னது நசுங்கும். 1850களின் பிற்பகுதி வரை, குழாயின் வலிமை அதன் விட்டத்தையும் தடிப்பையும் மட்டுமே பொறுத்தது என்றும், நீளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் கருதப்பட்டது. இதனால் 30 அடி நீளக் குழாய்கள் இடையில் எவ்வித வலுவூட்டலும் இன்றிப் பொருத்தப்பட்டு வந்தன.

அரச கழகம், பிரித்தானிய அறிவியல் மேம்பாட்டுச் சங்கம் ஆகியவற்றின் ஆதரவுடன் ஃபேர்பேர்ன் இதனைச் சோதனை செய்தார். தடித்த வார்ப்பிரும்பு உருளை ஒன்றுக்குள் மெல்லிய தகட்டுக் குழாய்களை வைத்து, நீரை அழுத்தி அவை நசுங்கும் அழுத்தத்தை அளந்தார். 1858 இல் வெளியான முடிவுகள் பொறியாளர்களை வியக்க வைத்தன. குழாயின் நீளம் இரு மடங்கானால் அதன் வலிமை பாதியாகிறது. விட்டம் இரு மடங்கானாலும் அவ்வாறே. தடிப்பைப் பொறுத்தவரை, வலிமை தடிப்பின் இருபடியைச் சற்றே மிஞ்சிய, அதாவது 2.19 என்ற அடுக்கில் மாறுகிறது. குழாய் முழு வட்டமாக இல்லாமல் சற்று நீள்வட்டமாக இருந்தாலும் வலிமை பெரிதும் குறைகிறது.

தீர்வும் இம்முடிவுகளிலேயே இருந்தது. குழாயைச் சுற்றி இடையிடையே உறுதியான வளையங்களைப் பொருத்தினால், ஒரு நீண்ட குழாய் பல குட்டையான குழாய்களைப் போல நடந்துகொள்ளும். டேனியல் ஆடம்சன் என்பவர் சில ஆண்டுகளுக்கு முன்பே உருவாக்கியிருந்த விளிம்பு இணைப்பு முறையும் இதே பயனைத் தந்தது. இதற்குப் பின் இடைவலுவற்ற நீண்ட உலைக்குழாய்கள் படிப்படியாக வழக்கொழிந்தன. பிற்கால ஆய்வுகள் ஃபேர்பேர்னின் வாய்பாட்டைத் திருத்தின; மிக நீண்ட குழாய்களில் நீளத்தின் தாக்கம் ஓர் எல்லையோடு நின்றுவிடுகிறது என்று இன்று அறியப்படுகிறது. எனினும் நீளம் முக்கியமானது என்பதைச் சோதனை வழியே முதலில் காட்டியது இவரே.

ஓய்விலிருக்கும் கொதிகலனும் குளிர்காலமும்

தடிப்பைப் பற்றிய மேற்கண்ட விதிக்கு நடைமுறையில் ஒரு கடுமையான பொருள் உண்டு. துருவால் தகடு பத்தில் ஒரு பங்கு மெலிந்தால், வெளிக்கலனின் வலிமை ஏறத்தாழ அதே அளவு, அதாவது பத்தில் ஒரு பங்கு குறைகிறது. ஆனால் உலைக்குழாயின் வலிமை, ஃபேர்பேர்னின் வாய்பாட்டின்படி, ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. தடிப்பு பாதியானால் எஞ்சும் வலிமை நான்கில் ஒரு பங்குகூட இல்லை. புதிதாக இருந்தபோது 60 பவுண்டு அழுத்தத்தைப் பாதுகாப்பாகத் தாங்கிய கொதிகலன், அதே 60 பவுண்டில் சில ஆண்டுகளுக்குப் பின் நசுங்குவதற்கு மறைமுகமான காரணம் எதுவும் தேவையில்லை.

இத்துரு, கொதிகலன் இயங்கும்போது பிடிப்பதைவிட நின்றிருக்கும்போதே விரைவாகப் பிடிக்கிறது. இயங்கும் கொதிகலனில் நீர் கொதிப்பதால் அதில் கரைந்துள்ள ஆக்சிசன் நீராவியுடன் வெளியேறிவிடும். நெருப்பை அணைத்துப் பாதி நீருடன் விட்டுவிட்டால், குளிரும்போது உள்ளே காற்று புகுந்து, நீர்மட்டக் கோட்டை ஒட்டித் தகட்டில் சிறு குழிகள் விழத் தொடங்கும். வெளிப்புறத்தில் இன்னொரு பகை காத்திருக்கிறது. புகைப்பாதைகளில் படிந்த கரியில் கந்தகம் உண்டு. குளிர்காலத்தின் ஈரக்காற்று அதில் படும்போது அமிலம் உண்டாகித் தகட்டை அரிக்கும். லங்காஷயர் கொதிகலன் அமர்ந்திருக்கும் செங்கல் கட்டும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அங்கே ஏற்படும் அரிமானம் செங்கல்லைப் பெயர்த்தால் அன்றிக் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே எவ்விதக் குறையுமற்றதாகத் தோன்றும் தகடு, வெளியே காகிதம் போல் மெலிந்திருக்கக்கூடும்.

ஃபேர்பேர்னின் வாழ்நாளிலேயே இப்பிரச்சினை லங்காஷயர் முழுவதற்கும் பொதுவான ஒன்றாக மாறிய காலம் ஒன்று உண்டு. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பருத்தி வரத்து நின்று, பஞ்சாலைகள் மூடப்பட்டன. 1862 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் நெருக்கடி உச்சத்தை அடைந்தது. இலட்சக்கணக்கானோர் வேலையிழந்து நிவாரணத்தை நம்பி வாழ்ந்தனர். தொழிலாளரின் வீட்டிலும் நெருப்பு இல்லை, ஆலையின் உலையிலும் நெருப்பு இல்லை. வார விடுமுறைக்கு நிற்கும் கொதிகலனுக்கும் மாதக்கணக்கில் நிற்கும் கொதிகலனுக்கும் உள்ள வேறுபாடு, பருத்தி மீண்டும் வந்து உலைகளை மூட்டும் நாளிலேயே வெளிப்படும்.

நீண்ட காலம் நிறுத்தப்படும் கொதிகலனைப் பாதுகாக்க இரண்டு வழிகள் நிலைபெற்றன. ஒன்று உலர் முறை. கலன் சற்றுச் சூடாக இருக்கும்போதே நீர் முழுவதையும் வடித்து, உள்ளே படிந்த உப்புப் படிவைச் சுரண்டி எடுத்து, மிதமான வெப்பத்தில் நன்கு உலர்த்துவர். பின்னர் எஞ்சிய ஈரத்தை உறிஞ்சுவதற்காகத் தட்டுகளில் சுட்ட சுண்ணாம்பை உள்ளே வைத்து, ஆள் நுழையும் துளையையும் எல்லா வால்வுகளையும் காற்றுப் புகாமல் அடைத்துவிடுவர். சுண்ணாம்பு நீர்த்துப் பொடியாகிவிட்டால் மாற்ற வேண்டும். மற்றொன்று ஈர முறை. காரத்தன்மை சேர்க்கப்பட்ட நீரைக் கொதிக்கவைத்துக் காற்றை வெளியேற்றி, காற்றுக்கு இடமே இல்லாதபடி கலனை உச்சிவரை நிரப்பி மூடுவது இம்முறை. இரண்டிலும் புகைப்பாதைகளைத் துப்புரவாகக் கூட்டி உலர்வாக வைப்பது இன்றியமையாதது. அரைகுறையாக நீரை விட்டுவைப்பதே எல்லாவற்றிலும் தீயது.

உறைபனி விழும் நாடுகளில் ஈர முறை ஆபத்தானது. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுகிறது. பெரிய கலனைவிட, அதனோடு இணைந்த நீர்மட்டக் கண்ணாடி, நீரூட்டும் குழாய், வால்வுகளின் உடல் ஆகியவையே முதலில் பிளக்கும். பிளவு பனி உருகும்வரை தெரியாது. இதைவிடக் கொடியது அடைப்பு. பாதுகாப்பு வால்வுக்கோ வெளியேறும் குழாய்க்கோ செல்லும் வழியில் பனிக்கட்டி அடைத்திருக்க, கீழே நெருப்பு மூட்டப்பட்டால் நீராவிக்கு வெளியேற வழியில்லை. பிரித்தானிய வீடுகளில் சமையலறை அடுப்பின் பின்புறம் பொருத்தப்பட்ட சிறு கொதிகலன்கள் கடுங்குளிர் ஆண்டுகளில் இவ்வாறே வெடித்தன. அடுப்பு மூட்டிய வீட்டுப் பணிப்பெண்களும் அருகிலிருந்த குழந்தைகளுமே பெரும்பாலும் இதற்குப் பலியாயினர். ஃபேர்பேர்னுக்குப் பின் நீராவிப் பயனர் சங்கம் இவ்வகை வெடிப்புகளைத் தனியே சோதனைகள் செய்து ஆராய்ந்தது.

ஓய்வுக்காலம் முடிந்து நெருப்பு மூட்டுவதற்கு முன், கலனைக் குளிர்நீரால் நிரப்பி, இயங்கு அழுத்தத்தைவிட அதிக அழுத்தத்தில் சோதிப்பது வழக்கமாயிற்று. நீர் மிகச் சிறிதளவே அமுங்கும் என்பதால், சோதனையின்போது தகடு கிழிந்தாலும் நீர் பீறிட்டுக் கசியுமே அன்றி, நீராவியைப் போல் விரிந்து வெடிக்காது. உறையாத பகுதிகளில் குளிர் ஒரு சிக்கல் இல்லையாயினும் ஈரம் எங்கும் உண்டு. கரும்பு அரவைப் பருவம் முடிந்து மாதக்கணக்கில் நிற்கும் தமிழ்நாட்டுச் சர்க்கரை ஆலைக் கொதிகலன்களுக்கும் உலர் முறை, ஈர முறை என்னும் இதே தெரிவுகளே உள்ளன.

பாலங்களும் பிற ஆய்வுகளும்

வேல்சில் கான்வி ஆற்றின் மீதும் மெனாய் நீரிணையின் மீதும் தொடருந்துப் பாலங்கள் அமைக்க ராபர்ட் ஸ்டீபன்சன் திட்டமிட்டபோது, தகடுகளாலான பெரிய குழாய் வடிவப் பாலங்களின் வலிமையைச் சோதிக்கும் பொறுப்பு ஃபேர்பேர்னிடம் ஒப்படைக்கப்பட்டது. 1845 இல் மில்வாலில் தொடங்கிய இச்சோதனைகளில் கணிதவியலாளர் ஈட்டன் ஹாட்ஜ்கின்சனும் பங்கேற்றார். மெல்லிய தகடு இழுவிசையைத் தாங்கும் அளவுக்கு அமுக்கத்தைத் தாங்குவதில்லை, மடிந்துவிடுகிறது என்பதை இங்கே அவர்கள் கண்டனர். கான்வி பாலம் 1848 இலும், பிரிட்டானியா பாலம் 1850 இலும் திறக்கப்பட்டன. பாலங்களின் பெருமை யாருக்கு உரியது என்பதில் ஸ்டீபன்சனோடு கருத்து வேறுபாடு ஏற்பட, ஃபேர்பேர்ன் 1848 இல் பொறுப்பிலிருந்து விலகி, தமது தரப்பை 1849 இல் நூலாக வெளியிட்டார்.

1850 இல் வளைந்த தகட்டுக் கையுடைய பாரந்தூக்கிக்குக் காப்புரிமை பெற்றார். பிரிஸ்டல் துறைமுகத்தில் 1878 இல் அமைக்கப்பட்ட இவ்வகை நீராவிப் பாரந்தூக்கி ஒன்று பாதுகாக்கப்பட்டுள்ளது. தாமசு டேட் என்பவருடன் சேர்ந்து நீராவியின் அடர்த்தியை அளந்தார். 1864 இல் வெளியான இவரது மற்றொரு ஆய்வு, தேனிரும்பு உத்திரம் ஒன்றின் மீது பல இலட்சம் தடவை சுமையை ஏற்றி இறக்கி, ஒரே தடவையில் முறிக்க முடியாத சுமை பலமுறை ஏற்றப்படும்போது முறித்துவிடுவதைக் காட்டியது. உலோகக் களைப்பு என்று பின்னர் அழைக்கப்பட்ட துறையின் தொடக்க கால ஆய்வுகளுள் இதுவும் ஒன்று.

பெருமைகளும் மறைவும்

1850 இல் அரச கழகத்தின் உறுப்பினரான இவர், 1860 இல் அதன் அரச பதக்கத்தைப் பெற்றார். இயந்திரப் பொறியாளர் நிறுவனத்தின் தலைவராகவும், 1861 இல் பிரித்தானிய அறிவியல் மேம்பாட்டுச் சங்கத்தின் தலைவராகவும் பணியாற்றினார். அதே ஆண்டில் அளிக்க முன்வந்த சர் பட்டத்தை ஏற்க மறுத்த இவர், 1869 இல் வழிவழியாக வரும் பாரோனெட் பட்டத்தை ஏற்றுக்கொண்டார். இவருடைய தம்பி பீட்டர் ஃபேர்பேர்ன் லீட்ஸ் நகரில் இயந்திர உற்பத்தியாளராகவும் அந்நகரின் மேயராகவும் விளங்கியவர்.

1874 ஆகஸ்ட் 18 அன்று, சரே மாவட்டத்தின் மூர் பார்க்கில், நீர் வழங்கல் பொறியாளரான மருமகன் ஜான் பிரடெரிக் பேட்மனின் இல்லத்தில் ஃபேர்பேர்ன் காலமானார். உடல் மான்செஸ்டருக்கு அருகிலுள்ள பிரஸ்ட்விச்சில் அடக்கம் செய்யப்பட்டது. மறு ஆண்டே அவருடைய நிறுவனம் மூடப்பட்டது. அவர் எழுதி முடிக்காமல் விட்ட தன்வரலாற்றை வில்லியம் போல் நிறைவு செய்து 1877 இல் வெளியிட்டார். மான்செஸ்டர் நகர மண்டபத்தில் இவருக்குச் சிலை ஒன்று உள்ளது.

பின் விளைவுகள்

மான்செஸ்டர் சங்கத்தின் முறை பிற நாடுகளில் பின்பற்றப்பட்டது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் 1866 இல் கொதிகலன் ஆய்வையும் காப்பீட்டையும் இணைத்த நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் செர்மனியின் மன்ஹைமில் தோன்றிய கொதிகலன் கண்காணிப்புச் சங்கம், பிற்காலத்து தூஃப் நிறுவனங்களின் முன்னோடியாகும். இந்தியாவில், 1863 இல் கொல்கத்தாவில் நிகழ்ந்த வெடிப்பைத் தொடர்ந்து 1864 இல் வங்காளத்தில் கொதிகலன் ஆய்வுச் சட்டம் இயற்றப்பட்டது. 1923 இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. அதற்கு மாற்றாக 2025 இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது.

பிரித்தானியாவிலோ சட்டம் தாமதமாகவே வந்தது. 1870 இல் நாடாளுமன்றக் குழு ஒன்று இதனை ஆராயத் தொடங்கியது. ஃபேர்பேர்ன் மறைந்து எட்டு ஆண்டுகள் கழிந்து, 1882 இல் வந்த கொதிகலன் வெடிப்புச் சட்டம், ஒவ்வொரு வெடிப்பையும் அரசுக்கு அறிவிக்க வேண்டும், அதன் காரணம் விசாரிக்கப்பட வேண்டும் என்பதை மட்டுமே கட்டாயமாக்கியது. கொதிகலன்களைக் குறித்த கால இடைவெளியில் தகுதியுள்ளவரைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்ற கட்டாயம் தொழிற்சாலைகளுக்கு 1901 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம் பெற்றது. அச்சட்டம் அனுமதித்த இடைவெளி 14 மாதங்கள்.